ஆர்டர் நின்று இரண்டு மாதம், தூக்கமும் நின்றுவிட்டது

நொய்யல்கரை | 3 நவம்பர் 2025, அதிகாலை 2.40

வணக்கம். திருப்பூரில் 12 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். அமெரிக்காவுக்கு டி-ஷர்ட் அனுப்பும் ஒரு கம்பெனிக்குத்தான் எட்டு வருடமாகத் தைத்துக் கொடுத்தேன். ஆகஸ்ட் 7-இல் நம் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 25 சதவீத வரி வந்தது. 27-இல் இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. மறுவாரமே "அண்ணா, கொஞ்சம் பொறுங்க" என்று போன். இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கட்டிங் முடிந்த பீஸ் இரண்டு மூட்டை தைக்காமல் மூலையில் கிடக்கிறது. தினமும் காலையில் போய் ஷட்டரைத் திறந்து, மெஷின்களைத் துடைத்து, மதியம் பூட்டிவிட்டு வருகிறேன்.

எட்டுப் பேர் வேலை செய்தார்கள். தீபாவளிக்கு ஆளுக்கு 2,000 ரூபாய்தான் கொடுக்க முடிந்தது. ஓர் அக்கா அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு "பரவாயில்லைங்க" என்று போனார். கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகிறது.

வீட்டில் யாருக்கும் என் கடனின் முழுக் கணக்கு தெரியாது. மனைவியிடம் "ஆர்டர் கம்மி" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். 11 மணிக்குப் படுத்தால் 2 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள். சில ராத்திரி, நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் பாரம் குறையுமே என்று தோன்றுகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாதவர்களிடம் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

பணம் கேட்கவில்லை. தலை வேலை செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

கொங்குத்தென்றல் | 3 நவம்பர், காலை 5.50

அண்ணா, இப்போதுதான் பார்த்தேன். முழித்திருக்கிறீர்களா? ஒரு வரி பதில் போடுங்கள். மருதாணி மேடத்துக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

நொய்யல்கரை | 3 நவம்பர், காலை 6.05

இருக்கிறேன். டீ குடிக்கக் கிளம்புகிறேன்.

மருதாணி | 3 நவம்பர், காலை 6.30

வணக்கம் அண்ணா. நான் ஓர் அரசு மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளர். 14 வருடமாக இந்த வேலை. முதலில் ஒன்றை நேராகவே கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால், எப்படி என்ற அளவுக்கு யோசித்திருக்கிறீர்களா? இதைக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுவார்கள். அப்படி வராது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களைத்தான் என் வேலையில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

14416 என்ற எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். டெலி மனஸ். 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு சேவை. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் இந்தத் தளத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்த எண்ணை அழுத்துங்கள்.

நொய்யல்கரை | 3 நவம்பர், காலை 7.15

எண்ணம் வந்திருக்கிறது மேடம். நாலைந்து முறை. எப்படி என்று யோசித்ததில்லை, பையன் முகம் வந்துவிடும், பத்தாவது படிக்கிறான். எண்ணைப் பதிந்துவிட்டேன். போலீஸ், கேஸ் என்று ஏதாவது ஆகுமா?

மருதாணி | 3 நவம்பர், காலை 7.25

ஆகாது. எண்ணம் வருவது எந்தக் காலத்திலும் குற்றம் இல்லை. முயன்றவர்களைக்கூட, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர்களாகக் கருதி, தண்டிக்காமல் உதவ வேண்டும் என்றுதான் 2017-ஆம் வருட மனநலச் சட்டம் சொல்கிறது. சொன்னதற்கு நன்றி அண்ணா. இதைச் சொல்ல எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

"நான் இல்லாவிட்டால் பாரம் குறையும்" என்பது தூங்காத தலை போடும் கணக்கு. அந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். கடனும் அப்படியே நிற்கும், அதைப் பேசித் தீர்க்கத் தெரிந்த ஆளும் இருக்க மாட்டார். பாரம் கூடித்தான் இருக்கும்.

மதியம் விரிவாக எழுதுகிறேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரே வேலை: மனைவி, அண்ணன், நண்பர் என்று யாராவது ஒருவரிடம் "எனக்குத் தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடன் தொகையைச் சொல்ல வேண்டாம், இதை மட்டும் போதும்.

வாழ்கவளமுடன்67 | 3 நவம்பர், காலை 9.10

நல்லதே நினைத்தால் நல்லதே நடக்கும். காலையில் மூச்சுப்பயிற்சி செய்யுங்கள். எதிர்மறை எண்ணங்களை விரட்டுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

சிவப்புநூல் | 3 நவம்பர், காலை 10.20

நண்பரே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் 50 சதவீத வரியை மூச்சுப்பயிற்சி குறைக்காது. திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. அது நின்றால் நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், அட்டைப்பெட்டிக் கடை வரைக்கும் அடி. ஒடிசா, பீகார் பையன்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் பலர் இன்னும் திரும்பவில்லை. பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை டிசம்பர் 31 வரை ஒன்றிய அரசு நீக்கியது, சரி. அதில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு என்ன வந்தது?

இதை மனநோய் என்று சொல்லி மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பொறுப்பானவர்கள் தப்பித்துவிடுவார்கள். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுத்த பகுதிகளில் தற்கொலை சுமார் 18 சதவீதம் குறைந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. கைக்குப் பணம் வருவதும் மருந்துதான். மேடம் கோபிக்கக் கூடாது.

மருதாணி | 3 நவம்பர், மதியம் 2.15

கோபம் எதற்கு, நீங்கள் சொல்வது சரிதான். கவுன்சிலிங் கடனைக் கட்டாது. அதை நான் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன். நீங்கள் சங்கத்தில் நின்று நிவாரணம் கேளுங்கள். அது கிடைக்கும் வரை இவர் தலை தெளிவாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் பேரம் பேச வேண்டியவர் இவர்தான்.

ஓர் ஆய்வை நானும் சொல்கிறேன். நடந்தது நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம். 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாத நேரத்தில், புதிர்களும் கவனச் சோதனைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவடை முடிந்து காசு வந்த பிறகு அதே ஆட்களை மறுபடியும் சோதித்தார்கள். காசில்லாத நேரத்தில் தடுமாறியவர்கள் காசு வந்ததும் நன்றாகச் செய்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், இன்னும் இருவர் சேர்ந்து 2013-இல் வெளியிட்டது. கடன் வந்தால் புத்தி கெட்டுவிடாது. கடனைப் பற்றிய நினைப்பு தலையில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சம் இருக்கும் கால்வாசியில்தான் ஆள் மற்றதையெல்லாம் முடிவு செய்கிறார்.

அதனால்தான் நெருக்கடியில் இருப்பவர்கள் இன்னும் மோசமான கடனை வாங்குகிறார்கள். ராத்திரி 11 மணிக்கு போனில் கடன் ஆப் திறந்து, ஐந்து நிமிடத்தில் 10,000 ரூபாய். இதைப் பேராசை என்பவர்களுக்கு அந்த நேரத்துத் தலை எப்படி இருக்கும் என்று தெரியாது. அண்ணா, உங்களுக்கு ஒரு கட்டுப்பாடு: இருட்டிய பிறகு பணத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். வாங்குவது, விற்பது, கையெழுத்துப் போடுவது எதுவானாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

வாழ்கவளமுடன் ஐயாவுக்கு: மூச்சுப்பயிற்சி நல்லது, படபடப்புக்கு நானே சொல்லித் தருகிறேன். ஆனால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார். "எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?" என்று கேட்டால் தொடர்ந்து பேசுவார்.

மருதாணி | 3 நவம்பர், மதியம் 3.05

படபடப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஓ.பி.க்கு வருகிற பத்துப் பேரில் "எனக்குக் கவலை" என்று சொல்லி வருபவர் ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் நெஞ்சடைப்பு, வாயு, தலைபாரம், கை கால் எரிச்சல் என்றுதான் வருவார்கள். இருதயத்தைச் சோதித்துக்கொண்டது சரியான காரியம், அதை முதலில் செய்யத்தான் வேண்டும். அதில் ஒன்றும் இல்லை என்றால் உடம்பு எதையோ தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால் அதை மனச்சோர்வாக எடுத்துக்கொண்டு சிகிச்சைக்கு வர வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரையும் இலவசம்.

தூக்கத்துக்கு: முழிப்பு வந்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் பிடிக்கவில்லையா, படுக்கையை விட்டு எழுந்து வந்து திண்ணையிலோ நாற்காலியிலோ உட்காருங்கள். போன் வேண்டாம். கண் சொருகினால் திரும்பப் போய்ப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் எழும் நேரம் மாறக் கூடாது. அப்புறம், தூக்கத்துக்காக என்று டாஸ்மாக் பக்கம் போகாதீர்கள். குடித்தால் படுத்தவுடன் தூக்கம் வரும், நடுராத்திரியில் எழுப்பிவிடும், மனசை இன்னும் கீழே இழுக்கும். அந்த மோசமான எண்ணம் இருப்பவர்களுக்குக் குடி மிகவும் ஆபத்து.

பழையபஸ்ஸ்டாண்ட் | 3 நவம்பர், இரவு 8.40

தம்பி, எனக்கு வயது 61. 2011 ஜனவரி 28 உனக்கு நினைவிருக்கும். நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நான் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். 20 வருட வேலை ஒரே நாளில் போயிற்று. ஆற்றுக்கு அது நல்லதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் நிலைமை?

நாலு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சவரம் செய்யவில்லை. லுங்கியோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பேன், என்ன ஓடுகிறது என்றுகூடத் தெரியாது. பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்கு வந்து கேட்டைத் தட்டுவார். "டீக்கு வா" என்பார். புத்தி சொல்ல மாட்டார், வேலையைப் பற்றிக் கேட்க மாட்டார். டீ குடித்துவிட்டு ரயில்வே ஸ்டேஷன் வரை நடப்போம், திரும்புவோம், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து நானே சட்டை போட்டுக்கொண்டு கேட்டருகே காத்திருக்க ஆரம்பித்தேன். அப்புறம்தான் தள்ளுவண்டியில் பழம் விற்கும் யோசனை எல்லாம் வந்தது.

நீ தினமும் ஷட்டரைத் திறக்கிறாய் அல்லவா? அதை மட்டும் விடாதே.

மருதாணி | 3 நவம்பர், இரவு 10.00

ஐயா, உங்கள் நண்பர் செய்ததைத்தான் நாங்கள் சிகிச்சை என்ற பெயரில் செய்கிறோம். நிஜமாகவே சொல்கிறேன்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஓர் ஊர். ஊர் முழுக்க ஒரே நூல் ஆலையை நம்பி வாழ்ந்தது. 1930 வாக்கில் பெருமந்தத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற மூவரும் ஒரு குழுவோடு அங்கே போய், வேலை போனவர்களின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்து 1933-இல் வெளியிட்டார்கள். வேலை இல்லை, நேரம் நிறைய இருக்கிறது, படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் எடுக்கும் புத்தகம் குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், நடுவில் நடுவில் நின்றார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எழுத ஒன்றுமில்லை. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள், அடுப்பும் குழந்தைகளும் அவர்களை விடவில்லை.

வேலை என்பது சம்பளம் மட்டும் கிடையாது என்று யஹோதா பிறகு விரிவாக எழுதினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, நாலு பேரோடு பேச்சு, நானும் ஒரு காரியத்தில் இருக்கிறேன் என்ற நினைப்பு, ஊரில் ஒரு பெயர், கைகாலுக்கு அசைவு. வேலை போனால் இவையும் சேர்ந்து போகின்றன. சம்பளத்தை என்னால் திருப்பித் தர முடியாது. மற்றவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கட்டலாம். ஷட்டர் திறக்கும் நேரம், டீக்கடை நேரம், சனிக்கிழமை சம்பள நாளில் பழைய ஆட்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவது, இவற்றைக் குறித்து வைத்துச் செய்யுங்கள். மனசு வந்தால் செய்கிறேன் என்று காத்திருக்க வேண்டாம். செய்யச் செய்யத்தான் மனசு பின்னால் வரும்.

செக்கிங்டேபிள் | 4 நவம்பர், காலை 7.45

நானும் பனியன் கம்பெனிதான், செக்கிங். முன்பு வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓடும். இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள், அதுவும் ஒரு ஷிப்ட். அண்ணா எழுதியதில் அந்த அக்கா நானாகவும் இருந்திருப்பேன். எண்ணாமல் முடிந்துகொண்டது உங்கள் மேல் கோபத்தில் இருக்காது அண்ணா. உங்கள் முன்னால் எண்ணினால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மேடத்திடம் ஒரு கேள்வி. பக்கத்து டேபிள் அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழுகிறார். குழுக் கடன், மகள் ஸ்கூல் பீஸ், வீட்டுக்காரர் குடி. எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நான் எட்டாவதுதான் படித்தேன். தப்பாக எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மருதாணி | 4 நவம்பர், மதியம் 1.40

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஒரு வேலை ஆரம்பித்தார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் ஊர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் ஒரு மர பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். அந்த ஊர் மொழியில் மனச்சோர்வுக்குச் சொல்லும் பேச்சு "அதிகமாக யோசிப்பது" என்ற பொருளில் வரும். நம் ஊரிலும் "ரொம்ப யோசிக்கிறாள்" என்றுதானே சொல்கிறோம்? பாட்டியிடம் போய்ப் பேசியவர்களுக்குச் சோர்வு நன்றாகக் குறைந்தது என்று 2016-இல் ஆய்வு வந்தது.

அந்தப் பாட்டிகள் செய்ததை நீங்களும் செய்யலாம். முதலில் முழுக்கக் கேட்பார்கள். பிறகு "இத்தனையில் எதை முதலில் பார்க்கலாம்?" என்று அவரையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்த ஒன்றுக்கு இந்த வாரம் செய்யக்கூடிய சின்னக் காரியத்தைச் சேர்ந்து யோசிப்பார்கள். அடுத்த வாரம் "போன காரியம் என்ன ஆயிற்று?" என்று மறக்காமல் கேட்பார்கள். அந்த அக்காவின் மூன்று கஷ்டத்தில் மகள் பீஸ் என்றால், பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தவணை கேட்பது இந்த வாரக் காரியம். கூடப் போக முடிந்தால் போங்கள். குடி பிறகு, குழுக் கடன் பிறகு.

எட்டாவது படித்தது இதற்குப் போதும். செத்துப் போகலாம் போல இருக்கிறது என்று அவர் சொன்னால் மட்டும் தனியாக விடாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள், 14416-ஐ நீங்களே போட்டு அவர் கையில் கொடுங்கள்.

வவுனியா_வாசி | 4 நவம்பர், இரவு 9.15

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். 2022-இல் எங்களுக்கு நாடே கடன் கட்ட முடியாமல் நின்றது. செப்டம்பரில் விலைவாசி ஒரு வருடத்துக்குள் 70 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நாள் கணக்கில் நின்றோம். அப்போது ஒரு விடயத்தைக் கவனித்தேன். எல்லோருக்கும் இல்லை என்றபடியால் யாரும் வெட்கப்படவில்லை. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு சேர்ந்து ஒரே விறகு அடுப்பில் சமைத்தோம், இருந்து கதைத்தோம். அண்ணை தனிய இருந்து சுமப்பதுதான் எனக்குக் கவலை. உங்கள் ஊரிலும் இப்போது எல்லோருக்கும்தானே அடி? வெளியே வந்து கதையுங்கோ.

கொங்குத்தென்றல் | 5 நவம்பர், காலை 8.30

வவுனியா அண்ணன் சொன்ன வெட்கம் பெரிய விஷயம். எங்கள் சொந்தத்தில் இந்த மாதம் மட்டும் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. என் மாமா எதற்கும் போவதில்லை. மொய் வைக்க முடியாது, போனால் "தொழில் எப்படிங்க மாப்பிள்ளை" என்று கேட்பார்கள். போகாமல் இருந்தால் பகை. மேடம், இதற்கு என்னதான் பதில்?

மருதாணி | 5 நவம்பர், மதியம் 1.20

போகச் சொல்லுங்கள். கவரில் 101 ரூபாய் போதும். கேட்பவர்களுக்கு ஒரு வாக்கியம் முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளட்டும்: "இப்போது மந்தம்தாங்க, பார்த்துக்கிட்டிருக்கிறோம்." பொய்யும் இல்லை, முழுக் கதையும் இல்லை. ஒருமுறை வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் பந்தியில் நாக்கு தடுமாறாது. ஒரு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தால் அடுத்ததற்குப் போவது இரண்டு மடங்கு கஷ்டம். ஆறு மாதத்தில் வீடே உலகம் ஆகிவிடும். பணம் இல்லாத காலத்தில் கைக்கு மிஞ்சுவது மனிதர்கள்தான், மொய்க் கணக்குக்காக அவர்களையும் விட்டுவிடக் கூடாது.

நொய்யல்கரை | 5 நவம்பர், இரவு 9.50

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். செக்கிங்டேபிள் தங்கை எழுதியதை நாலு முறை படித்தேன். நண்பர் ஒருவரிடம் தூக்கம் இல்லை என்று சொல்லிவிட்டேன், அவருக்கும் இல்லையாம். 14416-க்கும் நேற்று ராத்திரி பேசினேன், ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார்.

மனைவியிடம் கடனைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

மருதாணி | 6 நவம்பர், காலை 6.45

பேசியது பெரிய காரியம் அண்ணா.

நேரம் முக்கியம். ராத்திரி வேண்டாம். பையன் பள்ளிக்கூடம் போன பிறகு, இருவரும் சாப்பிட்டு முடித்து உட்காருங்கள். "உன்கிட்ட ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன், அது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது, இன்னைக்குச் சொல்லிடறேன்" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் தொகையைச் சொல்லுங்கள். முழுத் தொகை. பாதியைச் சொல்லி மீதியைப் பிறகு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது முறை தெரியவரும்போது அவர்கள் நம்பிக்கை உடையும், முதல் முறையில் கோபம் மட்டும்தான் வரும். கோபப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. பதிலுக்குச் சத்தம் போட வேண்டாம்.

பேசப் போவதற்கு முன்னால் கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போடுங்கள். யாருக்கு, எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும். நாலாவது கட்டம்தான் முக்கியம்: இந்த மாதம் கட்டாவிட்டால் நிஜமாகவே என்ன ஆகும்? பயம் எல்லாக் கடனையும் ஒரே அளவில்தான் காட்டும். தாளில் எழுதினால் அப்படி இருக்காது. சிலதில் வட்டி கூடும், சிலதில் ஜாமீன் போட்டவருக்குச் சங்கடம், சிலதில் போன் வரும், அவ்வளவுதான். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அந்த நாலாவது கட்டம் சொல்லிவிடும்.

பையனிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொகை வேண்டாம். "இந்த வருடம் கொஞ்சம் இறுக்கம், உன் படிப்புக்கு ஒன்றும் ஆகாது, இது உன்னால் வந்தது இல்லை." பிள்ளைகள் வீட்டு மௌனத்துக்குத் தங்களைக் காரணமாக்கிக்கொள்வார்கள். பத்தாவது படிக்கும் பையன்கள் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்புவதை இந்த இரண்டு மாதத்தில் நானே பார்த்துவிட்டேன்.

சிவப்புநூல் | 6 நவம்பர், காலை 11.00

நாலாவது கட்டத்துக்கு நானும் கொஞ்சம் உதவுகிறேன். வங்கி, நிதி நிறுவனத்தின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டுக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் என்றால் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் கூடாது. கடன் ஆப் உங்கள் போனில் இருக்கும் மற்றவர்கள் எண்களை எடுக்கக் கூடாது. மீறினால் நேரம், எண் எல்லாம் எழுதி வைத்து முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியிடம் போகலாம், வழி கேட்க 14448. தனியார் கந்துவட்டிக்கு 2003-ஆம் வருடச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. மிரட்டி வசூல் செய்வதற்கு எதிராக இந்த வருடம் சட்டப்பேரவையில் புதிதாக ஒரு சட்டமும் நிறைவேறியது. தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன். இதை வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை.

மருதாணி | 6 நவம்பர், மதியம் 1.10

சிவப்புநூல் தோழர், இந்தப் பதிவை அச்செடுத்து எங்கள் ஓ.பி. சுவரில் ஒட்டப் போகிறேன்.

நொய்யல்கரை | 16 நவம்பர், மாலை 5.30

பத்து நாளாக எழுதவில்லை, மன்னியுங்கள். போன திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். கேலண்டர் தாளில் மெஷின் கடன் 4,20,000, நகைக்கடன் 3,10,000, வட்டிக்கு வாங்கியது 2,00,000, சீட்டு எடுத்தது 1,50,000, ஆப் 60,000. மொத்தம் 11,40,000. கூட்டும்போது கை நடுங்கியது.

அவள் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். இரண்டு நாள் பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. பதிலுக்கு நான் சத்தம் போடவில்லை மேடம், நீங்கள் சொன்னதால்தான். மூன்றாவது நாள் காலையில் அந்தத் தாளை எடுத்துவந்து என் பேனாவிலேயே கீழே ஒரு வரி எழுதினாள். "மகளிர் குழு 38,000." என் கடை வாடகைக்கு இரண்டு மாதம் பணம் குறைந்தபோது அண்ணன் கொடுத்தார் என்று சொல்லித் தந்தது அந்தப் பணம்தானாம். எனக்குத் தெரியக் கூடாது என்று மறைத்திருக்கிறாள். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம்.

நாலாவது கட்டத்தை அவள்தான் நிரப்பினாள். ஆப் கடன்தான் முதலில் தொலைய வேண்டும் என்றாள். சும்மா நின்ற ஓவர்லாக் மெஷின் ஒன்றையும் பேட்லாக் மெஷின் ஒன்றையும் விற்று அதைக் கட்டி முடித்தோம், ஆப்பை அவளே அழித்தாள். மிச்சத்தில் ஒரு மாதத் தவணையும் ஆயிற்று. வட்டிக்காரரிடம் சிவப்புநூல் தோழர் கூட வந்தார். ஆறு மாதம் அசல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப் பேசி முடித்தோம். உள்ளூர்க் கடைகளுக்கு ஸ்கூல் டிராக் பேண்ட் தைக்க ஒரு சின்ன ஆர்டர் கிடைத்திருக்கிறது. ரேட் குறைவுதான். மூன்று பேருக்கு வேலை. முந்தானையில் முடிந்த அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

பிரச்சினை தீரவில்லை. 10 லட்சத்துக்கு மேல் இன்னும் இருக்கிறது. நேற்று ராத்திரி நாலரை மணி வரைக்கும் தூங்கினேன். அந்த எண்ணம் ஒரு தடவை வந்தது, அவளை எழுப்பிச் சொன்னேன். விடியும் வரை கூட உட்கார்ந்திருந்தாள்.

பழையபஸ்ஸ்டாண்ட் | 16 நவம்பர், இரவு 7.05

தம்பி, எந்த ஏரியா என்று தனிச்செய்தியில் சொல். பக்கமாக இருந்தால் காலை ஆறு மணிக்கு நான் வருகிறேன்.

மருதாணி | 16 நவம்பர், இரவு 9.20

எழுப்பிச் சொன்னீர்களே அண்ணா, அதற்கு எத்தனை தைரியம் வேண்டும். இனியும் அப்படியே செய்யுங்கள். எண்ணம் இன்னும் வருவதால் ஒருமுறை நேரில் காட்டிக்கொள்வது அவசியம், தள்ளிப்போட வேண்டாம். மாத்திரை தேவையா இல்லையா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். தேவைப்பட்டாலும் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று இல்லை.

நொய்யல்கரை | 16 நவம்பர், இரவு 9.35

நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவளும் சொல்கிறாள். எத்தனை மணிக்குப் போக வேண்டும்? என்ன எடுத்துப் போவது?

மருதாணி | 16 நவம்பர், இரவு 9.40

ஓ.பி. சீட்டு காலையில்தான் போடுவார்கள், எட்டு மணிக்கு முன்னால் வரிசையில் நின்றுவிடுங்கள். மனநலப் பிரிவு என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள். ஆதார், பழைய ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவர்களையும் கூட்டிப் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை கூட்டம் இருக்கும்.